ஊட்டி மலை ரயிலுக்குத் திட்டம் போட்ட ரிக்கன்பாக் யார்? அவருடைய 'பல்' ஏன் இங்கே இல்லை?

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குக் கிளம்பும் ஊட்டி ரயிலில் ஏறி ரீல்ஸ் எடுக்காத கோவைக்காரர்கள் இப்போது குறைவு. புகை, பாலம், குகை, யானை தெரியுதா என்று ஜன்னலில் எட்டிப் பார்க்கும் தலைகள் எல்லாம் வீடியோவில் வந்துவிடும். கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஓட ஆரம்பிக்கும் பல் வைத்த இரும்புப் பட்டை மட்டும் பெரும்பாலும் ஃபிரேமுக்குள் வராது. ரயிலை மேலே ஏற்றுவதே அதுதான்.

நீலகிரிக்கு இப்படியொரு பல்சக்கர ரயில் சரிப்பட்டு வரும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லவுஸ் ரிக்கன்பாக். ஐரோப்பாவின் முதல் மலை ரயிலைக் கட்டியவரும் அவர்தான். ஆனால் கல்லாறு - குன்னூர் பாதையில் இன்று இருக்கும் பல் அவர் கண்டுபிடித்தது அல்ல. அவரிடம் வேலை பார்த்த ஒருவருடையது.

பிடிக்காத வேலையில் இருந்து பட்டறைக்கு

ரிக்கன்பாக் பிறந்தது 1817 மே 21, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள கெப்வில்லர் என்ற ஊரில். அப்பா சர்க்கரை ஆலை வைத்திருந்தார். தொழில் நொடித்தது, சீக்கிரமே அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குத் திரும்பினார்.

பையனை வியாபாரப் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். அது அவருக்கு ஒட்டவில்லை. மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பிவிட்டார். பகலில் பட்டறை, மாலையில் கணக்கும் இயற்பியலும். பாரிஸில் அவர் இருந்த காலத்தில்தான் அங்கே முதல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. இனி நமக்கு ரயில்தான் என்று முடிவு செய்துவிட்டார். பெரிய பட்டம் எதுவும் கிடையாது, கைப்பழக்கமும் பிடிவாதமும்தான். ஜி.டி.நாயுடுவைப் பார்த்த ஊருக்கு இந்த வகை ஆட்களைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1840இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கெஸ்லர் எஞ்சின் ஆலையில் சேர்ந்தார். சுவிட்சர்லாந்துக்குள்ளேயே ஓடிய முதல் ரயில் 1847 ஆகஸ்டில் சூரிச்சுக்கும் பாடனுக்கும் இடையே தொடங்கியது. அதற்கான எஞ்சின் இந்த ஆலையில் இருந்துதான் போனது. அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஸ்பானிஷ் பன் ரயில்'. பாடனில் செய்யும் ஒரு பலகாரத்தைச் சுடச்சுட சூரிச் பணக்காரர் வீடுகளுக்குக் கொண்டுவர அது உதவுமாம். முதல் நாள் எஞ்சினை ஓட்டியவர் ரிக்கன்பாக்.

வழுக்கும் சக்கரம்

1850களில் சுவிஸ் மத்திய ரயில்வேயின் பட்டறைப் பொறுப்புக்கு வந்தார். ஓல்டன் என்ற ஊரில் பெரிய பட்டறை. பக்கத்திலேயே ஹவன்ஸ்டைன் என்ற மலைப்பாதை. அங்கேதான் பிரச்சினை ஆரம்பித்தது.

ரயில் நகர்வது இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடிமானத்தால். சமதளத்தில் அது போதும். ஏற்றம் கூடக் கூட, சக்கரம் சுற்றிக்கிட்டே இருக்கும், வண்டி நகராது. மழை பெய்த மண் ரோட்டில் டூவீலர் மாட்டிக்கொள்வது போலத்தான். எஞ்சினை இன்னும் கனமாக்கினால் பிடிமானம் கூடும். ஆனால் அந்தக் கனத்தையும் சேர்த்து மேலே இழுக்க வேண்டுமே! ஹவன்ஸ்டைனில் ஏற்றம் 1,000 மீட்டருக்கு 26 மீட்டர்தான். கல்லாறு - குன்னூர் பாதையில் அது 80 மீட்டரைத் தாண்டும்.

ரிக்கன்பாக்கின் தீர்வு எளிமையானது. நடுவில் ஒரு இரும்பு ஏணியைப் படுக்க வைக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அந்த ஏணியின் படிகளில் பல்லை மாட்டி மாட்டி ஏறும். வழுக்கவே வழியில்லை. 1863 ஆகஸ்டில் பிரான்சில் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

பல் வைத்த தண்டவாளம் உலகத்தில் அதற்கு முன்பே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1812லேயே ஒரு நிலக்கரிச் சுரங்க ரயிலில் பிளென்கின்சாப் இதைப் பயன்படுத்திவிட்டார். அமெரிக்காவில் சில்வெஸ்டர் மார்ஷ் என்பவரும் இதே காலத்தில் வாஷிங்டன் மலைக்கு ரயில் விட முயன்றுகொண்டிருந்தார். 1869இல் அது உச்சியைத் தொட்டது. ரிக்கன்பாக்கைத் தனித்துக் காட்டுவது ஏறும் வழி மட்டுமல்ல. இறங்கும் வழி.

ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம்

மலையில் பிரேக் கட்டையை அழுத்திக்கொண்டே பல கிலோமீட்டர் இறங்கினால் கட்டை சூடாகிக் கருகிவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலேயே இறங்குங்கள் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்வது இதனால்தான். ரிக்கன்பாக் செய்ததும் கிட்டத்தட்ட அதுவே. இறங்கும்போது நீராவியை மூடிவிட்டு, சிலிண்டருக்குள் வெளிக்காற்றை இழுக்க விட்டார். பிஸ்டன் அந்தக் காற்றை அமுக்கும். அமுங்கிய காற்று எதிர்த்துத் தள்ளும். ரயிலின் வேகம் அடங்கும். சூடேறாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீரும் உள்ளே தெளிக்கப்படும். ஒரு வால்வைத் திருகினால் வேகம் கூடும், குறையும். எதுவும் தேயாது, எதுவும் கருகாது. ஏணியை விட இந்த பிரேக்தான் அவருடைய பெரிய சாதனை என்று தோன்றுகிறது. பிறகு வந்த பல்சக்கர நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் இதை எடுத்துக்கொண்டன.

ஆனால் காப்புரிமை வாங்கியும் உள்ளூரில் யாரும் சீந்தவில்லை. பொறியாளர்களிடம் காட்டச் சின்னதாக ஒரு மாதிரியும் செய்து வைத்திருந்தார். ஆண்டுகள் ஓடின. அமெரிக்காவில் சுவிஸ் தூதரக அதிகாரியாக இருந்த ஜான் ஹிட்ஸ் அதைப் பார்த்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. மார்ஷின் மலை ரயில் பற்றி அறிந்திருந்த அவர், ரிகி மலைக்கு இதைக் கொண்டுபோகச் சொல்லி உற்சாகப்படுத்தினார்.

ஃபிட்ஸ்நாவ் - ரிகி பாதை 1871 மே 21 அன்று திறக்கப்பட்டது. ரிக்கன்பாக்குக்கு அன்று 54வது பிறந்தநாள். நாலு அடி போனால் ஒரு அடி ஏறும் செங்குத்து. அவ்வளவு சாய்வில் படுக்கை பாய்லர் வைத்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி, மறுபக்கம் நெருப்புக் குழாய்கள் காய்ந்துவிடும். அதனால் பாய்லரை நிமிர்த்தி நிற்க வைத்தார்கள். பார்க்க, தண்டவாளத்தில் ஒரு பெரிய காபி பில்டரை ஏற்றி வைத்தது போல இருக்கும்.

அதன் பிறகு வியன்னா, புடாபெஸ்ட், ரியோ டி ஜெனீரோ என்று ஆர்டர்கள். ரியோவில் இன்று இயேசு சிலை நிற்கும் கோர்கோவாடோ மலைக்கு 1884இல் போன ரயிலும் அவர் முறைதான். நடுவில், மலை ரயில்களுக்கென்றே தொடங்கிய சர்வதேச நிறுவனம் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். அது நிலைக்கவில்லை. ஓல்டனுக்கே திரும்பி ஆலோசகராக வேலை பார்த்தார்.

நீலகிரிக்கு வந்த திட்டம்

மேட்டுப்பாளையத்தில் இருந்து மலைக்கு ரயில் விடும் பேச்சு 1854லேயே எழுந்தது. கோடைக்கு ஊட்டிக்குப் போகும் சென்னை அரசுக்கு அது தேவைப்பட்டது. தேயிலை, காபித் தோட்டக்காரர்களுக்கும்தான். பல யோசனைகள் வந்து போயின. 1880களின் தொடக்கத்தில் ரிக்கன்பாக்கின் பல்சக்கரத் திட்டம் மேசைக்கு வந்தது. ரிகி பெயரிலேயே ஒரு கம்பெனியும் உருவானது. முதலீட்டுக்கு உத்தரவாதம் கேட்டார்கள், அரசு இசையவில்லை. அதோடு நின்றது.

வேலை தொடங்கியது 1891இல், வேறொரு கம்பெனியின் கையில். அதுவும் திவாலாகி, இன்னொரு கம்பெனி வாங்கி, தட்டுத்தடுமாறித்தான் பாதை முடிந்தது. இதற்குள் சுவிட்சர்லாந்தில் ஒரு மாற்றம் நடந்திருந்தது.

1870களில் ரிக்கன்பாக்கிடம் வேலை பார்த்த இளம் பொறியாளர் ரோமன் ஆப்ட். ஏணி முறையின் குறைகளை அருகில் இருந்து பார்த்தவர். ஏணி கனம், செலவு அதிகம், வளைவுகளில் வளைப்பது பெரும்பாடு. ஆப்ட் 1882இல் வேறு வழி சொன்னார். ஏணிக்குப் பதில், மேல்விளிம்பில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள். ஒன்றின் பல்லுக்கு நேராக மற்றொன்றின் பள்ளம் வரும்படி பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல் பிடித்திருக்கும், குலுக்கல் குறையும், வளைவிலும் எளிதாக வளையும்.

ஊட்டிப் பாதையில் 208 வளைவுகள். எது தேர்வாகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

தோட்டத்தில் ஓட்டும் சின்ன எஞ்சினாகச் செய்தால்?

நிஜ நீராவியில் ஓடும் சின்ன எஞ்சின்களை வீட்டுத் தோட்டத்தில் ஓட்டுவது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கு. அதில் பரவலாக உள்ள ஒரு அளவு, 45 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். ஊட்டிப் பாதை 1 மீட்டர் அகலம். 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய அந்த 45 மில்லிமீட்டர் வந்துவிடும். லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத கோவையில் ஊட்டி எஞ்சினையே செய்ய ஆசைப்படுபவர்கள், எது யாருடையது என்று பார்த்து வேலை செய்தால் எஞ்சினில் உயிர் வரும்.

முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர்கள். ஊட்டியின் 'எக்ஸ்' வகை எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு ஜோடி சாதாரண சக்கரங்களுக்கு, இன்னொரு ஜோடி பல்சக்கரங்களுக்கு. ஏற்றத்தில் முதல் ஜோடியில் வேலை செய்த நீராவியே மறு ஜோடிக்கும் போகும். சமதளத் தோட்டத்தில் பல்சக்கர ஜோடி நிஜமாக இயங்கத் தேவையில்லை. ஆனால் அந்தச் சிலிண்டரும் தண்டுகளும் இல்லாவிட்டால் அது ஊட்டி எஞ்சின் ஆகாது. அடியில் உள்ள பல்சக்கரம் ஆப்ட்டின் பட்டைக்கு ஏற்றதாக, பற்கள் முன்பின்னாக இருக்க வேண்டும்; ஏணிக்கான ஒற்றைச் சக்கரம் வைத்தால் ரிகிக்குத்தான் பொருந்தும். காற்று பிரேக்குக்கான வால்வும் குழாயும்தான் ரிக்கன்பாக்கின் பங்கு. மாதிரிகளில் முதலில் விட்டுப்போவதும் அதுதான். தோட்டத்தில் ஏற்றம் வைத்தால் பாய்லர் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கும் விஷயத்தையும் மறக்க வேண்டாம். அளவு சுருங்கினாலும் தண்ணீர் அதே தண்ணீர்தான்.

1899, ஜூனும் ஜூலையும்

மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதை 1899 ஜூன் 15 அன்று திறக்கப்பட்டது. ஊட்டி வரை நீண்டது 1908இல். அரசு கேட்டதில் இருந்து குன்னூருக்கு ரயில் வர 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரிக்கன்பாக் அப்போது ஓல்டனில், 82 வயதில். குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கிய 40வது நாள், 1899 ஜூலை 25 அன்று காலமானார். ஆப்ட் 1933 வரை இருந்தார்.

ரிகி மலையில் ஓடிய, நிற்கும் பாய்லர் வைத்த 7ஆம் எண் எஞ்சின் இன்னும் இருக்கிறது, லூசர்ன் நகரப் போக்குவரத்து அருங்காட்சியகத்தில். 1873இல் வின்டர்தூர் நகர எஞ்சின் ஆலையில் தயாரான முதல் எஞ்சின் அது. அதே ஆலை 1914 முதல் செய்து அனுப்பிய 'எக்ஸ்' வகை எஞ்சின்களின் வடிவில்தான் திருச்சி பொன்மலைப் பணிமனை பிறகு புது எஞ்சின்களைக் கட்டியது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை இன்றும் பெட்டிகளைப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போவது இந்த வகைதான்.