மருந்து கண்ட சுப்பாராவ்

சென்ற ஆண்டு கார்த்திகைத் திங்களில் ஓர் இரவு. எங்கள் விடுதி உணவுக்கூடத்தில் சமையல் பார்க்கும் அண்ணன் என் அறைக் கதவைத் தட்டினார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் இரத்தப் புற்றுநோய்க்காகத் தில்லி மருத்துவமனை ஒன்றில் நான்கு திங்களாகச் சிகிச்சை பெற்று வந்தான். அன்று காலை எழுந்து உட்கார முயன்றபோது அவனுக்கு வலக்கையும் வலக்காலும் வரவில்லையாம். பேச வாயெடுத்தான், சொல் எழவில்லை. மூளையில் இரத்தம் கசிந்திருக்கலாம் என்று டாக்டர்கள் அஞ்சினர். தட்டணு கொடுக்க ஆள் வேண்டும், வருவாயா தம்பி என்று அண்ணன் கேட்டார். நானும் நண்பர் இருவரும் அப்போதே புறப்பட்டோம்.

பக்கவாதம் என்பது முதுமையின் நோய் என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். என் கையிலிருந்து குருதியை இழுத்து, தட்டணுவை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பொறியின் அருகே படுத்திருந்தபோது, இளைய டாக்டர் ஒருவர் விளக்கினார். நலமுள்ள உடலில் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் தட்டணுக்கள் உண்டு. புற்றுநோய் எலும்பு மச்சையை நிரப்பிவிட்டால் அவை சில ஆயிரமாகச் சுருங்கும்; அப்போது மூளையின் ஒரு சிறு குழாய் கசிந்தாலும் அடைக்க ஆளில்லை. இன்னொரு வழியும் உண்டு. நாலாயிரத்துக்கும் பதினோராயிரத்துக்கும் இடையே இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் இலட்சத்தைக் கடந்தால், முதிராத அந்த அணுக்கள் சேறுபோல் திரண்டு நுண்குழாய்களை அடைத்துவிடும். சிவப்பணு மிகும் நோயிலோ குருதியே தடித்து உறையும். ஆக, கசிவாலும் வரும், அடைப்பாலும் வரும். மூன்றாவதாக, மருந்தாலும் வரலாம் என்று சொல்லி, முதுகுத்தண்டின் வழியே அச்சிறுவனுக்குப் பத்து நாள் முன்பு செலுத்திய மருந்தின் பெயரைக் கூறினார்: மெத்தோட்ரெக்ஸேட்.

நான் உயிர்வேதியியல் மாணவன். அப்பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பாஸ்பரசை அளப்பதற்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் சொல்கிறோம். சொல்லுகிற நம்மில் எத்தனை பேர் அந்த இரண்டாவது பெயருக்குரியவர் சென்னையில் படித்தவர் என்பதை அறிவோம்?

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். படிப்பில் சுடர்விட்ட பிள்ளை அல்லர். இருமுறை தவறி, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்துதான் மெட்ரிகுலேஷன் தேறினார். பின் மாநிலக் கல்லூரி. துறவியாகி இராமகிருஷ்ண மடத்தில் சேரவேண்டும் என்ற வேட்கை ஒரு பக்கம், தாயார் இசையவில்லை. மருத்துவக் கல்லூரிச் செலவுக்கு மாமனார் கைகொடுத்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் படித்த நாட்களில் நாடெங்கும் காந்தியடிகளின் அழைப்பு ஒலித்தது. சுப்பாராவ் கதராடை அணிந்து அறுவைக் கூடத்துக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. மாகாண மருத்துவப் பணியின் கதவு அத்தோடு அடைபட்டது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்து வாழ்ந்தார்.

அவர் வாழ்வைத் திருப்பியது வேறொன்று. ஸ்ப்ரூ என்னும் குடல்நோய். உண்பது உடலில் ஒட்டாமல், இரத்தம் சோகையுற்று, மனிதன் உருகிப்போகும் நோய். அவருடைய உடன்பிறந்தார் இருவர், சில நாள் இடைவெளியில், அதற்கு இரையாயினர். அவரையும் அது பற்றியது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவம் காத்தது. மருத்துவம் கற்றும் உடன்பிறந்தாரைக் காக்க இயலாதவராய் நின்ற அந்த நாட்களை அவர் மறந்ததாகத் தெரியவில்லை.

காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவ, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகர் சேர்ந்தார். கருவுற்றிருந்த மனைவியைப் பிரிந்து சென்றவர், திரும்பி வரவே இல்லை. பிறந்த மகனும் குழவிப் பருவத்திலேயே இறந்தான். பெரியோர் வாழ்வை எழுதுவோர் இவ்விடத்தை ஒரு வரியில் கடந்துவிடுவர். எனக்கு அது எளிதாக இல்லை. அப்பெண்மணி இருபத்தாறு ஆண்டுகள் காத்திருந்தார் என்பதையும் சேர்த்தே அவரை நினைக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

ஹார்வர்டில் பகலில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை. 1925இல் பாஸ்பரசை அளக்கும் முறை வெளிவந்தது. பிறகு தசையில் பாஸ்போகிரியேட்டினையும், உயிரணுவின் எரிபொருளாகிய ஏ.டி.பி.யையும் கண்டறிந்த பணி. 1930இல் டாக்டர் பட்டம். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்று, விரைவிலேயே ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கேதான் பழைய கணக்கைத் தீர்க்கத் தொடங்கினார். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்களின் சோகையை ஈஸ்ட் சாறு ஆற்றுகிறது என்று லூசி வில்ஸ் அம்மையார் 1931இலேயே எழுதியிருந்தார். அச்சாற்றில் உள்ள பொருள் யாதென ஒருவரும் பிரித்துக் காட்டவில்லை. அதுவே ஃபோலிக் அமிலம். சுப்பாராவின் குழுவினர் 1945இல் அதை ஆய்வகத்திலேயே செய்துகாட்டினர். ஸ்ப்ரூ நோயாளிகள் அம்மருந்தால் தேறினர். உடன்பிறந்தார் இறந்து கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

இனித்தான் விந்தை. பாஸ்டனில் குழந்தை நோயியலாளர் சிட்னி ஃபார்பர், சுப்பாராவ் அனுப்பிய ஃபோலிக் இனப் பொருள்களை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியாமல் விரைவதுபோல் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலம்தான் புற்று அணுக்களுக்கும் உணவு, அதைத் தடுத்தால்? ஃபோலிக் அமிலத்தின் உருவமே கொண்டு, அதன் இடத்தில் புகுந்து அமர்ந்து, வேலை மட்டும் செய்யாத போலிப் பொருள்களை லெடர்லி ஆய்வகம் செய்து தந்தது. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதன் உடன்பிறப்பே மெத்தோட்ரெக்ஸேட். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. தணிவு சில திங்களே நீடித்தது. எனினும், அதுவரை வாரக் கணக்கில் வாழ்வு எண்ணப்பட்ட குழந்தைகள் எழுந்து நடந்தனர். நம் ஊர்களில் யானைக்கால் நோய்க்கு வீடுதோறும் வந்து கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையில் அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான்.

அக்கட்டுரை வெளிவந்து இரண்டு திங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மறைந்தார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. இந்தியராகவே இருந்து இந்தியாவுக்குத் திரும்பாமலே போனார். அவர் நினைவாக நம் அரசு அஞ்சல்தலை வெளியிட 1995 ஆக வேண்டியிருந்தது.

அவர் காணாதவை பல. மருந்து மச்சையைத் துடைத்தாலும், புற்று அணுக்கள் மூளையைச் சூழ்ந்த நீரில் ஒளிந்துகொண்டு மீண்டும் வந்தன. அதனால்தான் முதுகுத்தண்டின் வழியே மெத்தோட்ரெக்ஸேட் செலுத்தும் முறை பிறந்தது. மருந்து வேலை செய்யும்வரை கசிவால் இறந்துபோன குழந்தைகளைக் காக்க, 1960களில் தட்டணு செலுத்துதல் பரவியது. அன்றிரவு நான் படுத்திருந்த கட்டிலின் வரலாறு அதுதான்.

மறுநாள் படக்கருவிச் சோதனையில் கசிவு இல்லை, அடைப்பும் இல்லை என்று தெரிந்தது. முதுகுத்தண்டு ஊசிக்குப் பின் இரண்டு வாரத்துக்குள் சில குழந்தைகளுக்கு இப்படிப் பக்கவாதம்போல் தோன்றும். பெரும்பாலும் நாட்கணக்கில் நீங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் நம்பவில்லை. காக்கும் மருந்தே கையை முடக்குமா, அப்படிப்பட்ட மருந்து எதற்கு என்று என்னிடம் சினந்தார். என்னிடம் நல்ல விடை இல்லை. அந்த மருந்து இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் சிறுவனின் விரல்கள் அசைந்தன. ஐந்தாம் நாள் அம்மா என்றான். சில வாரம் கழித்து, அருகிருந்து கண்காணித்து, அதே மருந்தை மீண்டும் கொடுத்தனர். அன்று வெளியே நடையில் அமர்ந்திருந்தபோது, இதைக் கண்டவர் யார் என்று அண்ணன் கேட்டார். ஆந்திர நாட்டவர், திருவல்லிக்கேணி இந்துப் பள்ளியில் படித்தவர் என்றேன். சென்னைக்காரரான அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பெரிய தெருவில் இருக்கிறதே, அந்தப் பள்ளியா என்று கேட்டார்.