முடங்கிய குழந்தைகளுக்கு ஒத்தடம் கொடுத்த கென்னி அம்மையார்

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து என்று ஒரு மாகாணம். அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே பல மைல் தூரம் வெறும் புல்வெளி. பண்ணை வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். யாருக்காவது நோய் வந்தால் டாக்டர் வந்து சேர்வதற்குள் பொழுது போய்விடும்.

1911-ம் ஆண்டு. அப்படிப்பட்ட ஒரு பண்ணை வீட்டில் ஒரு சின்னஞ்சிறு பெண் குழந்தை படுத்துக் கிடந்தது. கால்கள் மடங்கி இழுத்துக்கொண்டிருந்தன. யாராவது தொட்டால் வீறிட்டு அழுதது. பெற்றோர் செய்வது அறியாமல் கலங்கி நின்றார்கள்.

குதிரை மீது ஒரு பெண் வந்து இறங்கினாள். வயது 30. நல்ல உயரம். அந்த வட்டாரத்தில் யாருக்கு நோய் என்றாலும் ஓடி வந்து பணிவிடை செய்பவள். அதற்குக் கூலி வாங்க மாட்டாள்.

குழந்தைக்கு என்ன நோய் என்று அவளுக்கும் தெரியவில்லை. தந்தி ஆபீசுக்குப் போனாள். தனக்குப் பழக்கமான டாக்டருக்கு, நோயின் அடையாளங்களைச் சொல்லித் தந்தி கொடுத்தாள். பதில் வந்தது. இது இளம்பிள்ளை வாதம், இதற்கு மருந்து கிடையாது, கண்ணுக்குத் தெரிகிற தொல்லைக்கு ஏற்றபடி முடிந்ததைச் செய் என்பது அந்தப் பதிலின் சாரம்.

அவள் உப்பை வறுத்துப் பையில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். பயன் இல்லை. ஆளி விதை மாவைக் களியாகக் கிண்டிப் பற்றுப் போட்டாள். அதன் பாரத்தைக் குழந்தையால் தாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு கம்பளித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்தாள். அவற்றைக் கொதிக்கும் நீரில் முக்கி, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்தாள். இழுத்துக்கொண்ட தசைகளின் மேல் சுற்றினாள். சிறிது நேரத்தில் அழுகை நின்றது. குழந்தை தூங்கிவிட்டது.

அந்தப் பெண்ணின் பெயர் எலிசபெத் கென்னி. பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் இந்த நிகழ்ச்சியை இப்படித்தான் சொல்லி இருக்கிறார். இது எப்போது நடந்தது, எப்படி நடந்தது என்பது பற்றி ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால், அந்தக் கம்பளி ஒத்தடம் கடல் கடந்து போனதும், அதற்காகப் பெரிய பெரிய டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதும் உண்மை.

ஒடிந்த கை காட்டிய வழி

எலிசபெத் கென்னி 1880-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி, நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் உள்ள வாரியால்டா என்ற ஊரில் பிறந்தார். தந்தை மைக்கேல் கென்னி, அயர்லாந்தில் இருந்து பிழைக்க வந்த விவசாயி. குடும்பம் ஊர் ஊராக மாறியது. கடைசியில் குயின்ஸ்லாந்தில் நோபி என்ற சிற்றூரில் தங்கியது. எலிசபெத்துக்குப் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை.

சிறு வயதில் ஒரு நாள் குதிரையில் இருந்து விழுந்தார். மணிக்கட்டு ஒடிந்தது. துவூம்பா நகரில் டாக்டர் மெக்டானல் என்பவர் சிகிச்சை செய்தார். கை குணமாகும் வரையில் அவருடைய மருத்துவப் புத்தகங்களை எலிசபெத் புரட்டிப் பார்த்தார். எந்தத் தசை எந்த எலும்பை அசைக்கிறது என்பதை அறிந்துகொள்வதில் அவருக்கு அளவில்லாத ஆசை உண்டானது.

வீட்டில் ஒரு தம்பி. பெயர் பில். நோஞ்சான். கற்றதை எல்லாம் அக்காள் அவனிடம் சோதித்துப் பார்த்தார். ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தார். பையன் தேறினான்.

கென்னி எந்த நர்சு பள்ளியிலும் முறைப்படி படித்துத் தேறியவர் அல்ல. இது அவர் வாழ்நாள் முழுவதும் அவரைத் துரத்திய குறை. அவருடன் சண்டை போட்ட டாக்டர்கள் முதலில் சுட்டிக் காட்டியதும் இதைத்தான்.

கப்பலில் கிடைத்த பட்டம்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. மறு ஆண்டு கென்னி ராணுவ நர்சாகச் சேர்ந்தார். காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிவரும் கப்பல்களில் வேலை. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் கண்ணில் படாமல் இருக்க, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் செல்லும் கப்பல்கள் அவை. பல முறை அவர் கடலைக் கடந்தார்.

1917-ல் அவருக்குச் சிஸ்டர் என்ற பதவி கிடைத்தது. சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிடக் கூடாது. ராணுவத்தில் மூத்த நர்சுக்கு அந்தப் பெயர். போர் முடிந்த பிறகும் அந்தப் பட்டத்தை அவர் விடவில்லை. சிஸ்டர் கென்னி என்றே உலகம் அவரை அழைத்தது.

போருக்குப் பிறகு, அடிபட்டவர்களைக் குலுங்காமல் தூக்கிச் செல்ல ஒரு தூக்குப் படுக்கை செய்தார். அதற்குச் சில்வியா என்று பெயர் வைத்தார். 1927-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதில் வந்த பணம் பிற்காலத்தில் கை கொடுத்தது.

நோய் செய்யும் கொடுமை

இளம்பிள்ளை வாதம் ஒரு கிருமியால் வரும் நோய். இதைத்தான் போலியோ என்கிறோம். அந்தக் கிருமி வாய் வழியாக உடம்புக்குள் புகுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடும். ஆனால் ஒரு சிலருக்கு, கிருமி முதுகுத் தண்டுக்குள் இறங்கிவிடுகிறது. தசைகளுக்குக் கட்டளை இடும் நரம்பு அணுக்களை அங்கே அழிக்கிறது. கட்டளை வராத தசை சோர்ந்து தொங்கிவிடும்.

இதற்கு அந்தக் காலத்து டாக்டர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல தசை வலுவாக இழுப்பதால்தான் கை கால் கோணிப் போகிறது என்பது அவர்களுடைய எண்ணம். ஆகவே குழந்தையைத் தப்பை வைத்துக் கட்டினார்கள். மாவுக் கட்டுப் போட்டார்கள். இரும்புச் சட்டத்தில் படுக்க வைத்தார்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் அசையக் கூடாது.

நினைத்துப் பாருங்கள். ஓடி ஆட வேண்டிய குழந்தை சிலுவையில் அறைந்தது போலக் கிடக்கும். கட்டைப் பிரிக்கும்போது, நோயில் தப்பிய தசைகள்கூட மெலிந்து போயிருக்கும். மூட்டுகள் விறைத்திருக்கும்.

கென்னி இதற்கு நேர் மாறாகச் சொன்னார். கட்டாதே, அவிழ்த்துவிடு. அசைக்காதே என்று சொல்லாதே, அசைக்கக் கற்றுக் கொடு.

கென்னி செய்த சிகிச்சை

உடம்பு பிடிப்பதில் பல வகை உண்டு. உருவுவது, பிசைவது, தட்டுவது, தேய்ப்பது என்று ஐரோப்பாவில் அதை ஒரு கலையாகவே வளர்த்திருந்தார்கள். கென்னியின் சிகிச்சையும் கையால் செய்வதுதான். ஆனால் வலியோடு இருக்கிற தசையை அழுத்திப் பிசைவதற்கு அவர் சம்மதிக்க மாட்டார். முதலில் வலி போக வேண்டும் என்பார்.

அதற்குத்தான் கம்பளி ஒத்தடம். பழைய கம்பளியைத் தசையின் அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். கொதிநீரில் போட்டு எடுத்து இரண்டு முறை பிழிய வேண்டும். நீர் சொட்டினால் தோல் வெந்துவிடும். அதைத் தசை மேல் போர்த்தி, அதன் மேல் நீர் புகாத துணி, அதற்கு மேல் காய்ந்த கம்பளி. மூட்டுகளை மட்டும் மூடாமல் விட வேண்டும். ஆறியதும் மறுபடியும் சூடான துணி.

வலி குறைந்ததும் அடுத்த கட்டம். குழந்தையின் காலைக் கையில் ஏந்தி, மெதுவாக, வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டுவார். குழந்தை ஒன்றும் செய்ய வேண்டாம். அசைவு எப்படி இருக்கும் என்று மனத்தில் பதிந்தால் போதும்.

மூன்றாவது கட்டம்தான் முக்கியம். தசை எலும்போடு சேரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். குழந்தை அந்த இடத்தையே நினைக்க வேண்டும். நினைத்துக்கொண்டே அசைக்கப் பார்க்க வேண்டும். மறந்துபோன பாட்டை அடி அடியாகச் சொல்லிக் கொடுப்பது போல, தசைக்கு அதன் வேலையைச் சொல்லிக் கொடுத்தார்.

கமிஷன் கொடுத்த அடி

1932-ல் டவுன்ஸ்வில் நகரில், ஒரு ஓட்டலின் கொல்லைப்புறத்தில் பந்தல் போட்டுச் சிகிச்சை நிலையம் தொடங்கினார் கென்னி. மற்றவர்கள் கைவிட்ட பிள்ளைகள் வந்தார்கள். இரும்புச் சட்டங்களைக் கழற்றி வைத்தார். வெந்நீரில் குளிப்பாட்டினார். பயிற்சி கொடுத்தார்.

தாய்மார்கள் வாழ்த்தினார்கள். குயின்ஸ்லாந்து சர்க்கார் உதவி செய்தது. வேறு ஊர்களிலும் நிலையங்கள் தோன்றின. டாக்டர்களோ கொதித்தார்கள். கடைசியில் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிஷனை அமைத்தது. கமிஷனில் இருந்தவர்கள் டாக்டர்கள்.

1938-ல் அறிக்கை வந்தது. தப்பைகளைக் கைவிடுவது பெரும் தவறு என்று கமிஷன் கூறிவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார்கள். கென்னி அசையவில்லை. பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு வார்டு கிடைத்தது. நோய் கண்ட உடனேயே குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடம் இருந்த குழந்தைகள் சீக்கிரம் தேறியதையும், கை கால்கள் விறைக்காமல் இருந்ததையும் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரே ஒப்புக்கொண்டார்.

அமெரிக்கா வரவேற்றது

1940-ல் கென்னி, வளர்ப்பு மகள் மேரியுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வழிச் செலவைக் குயின்ஸ்லாந்து சர்க்கார் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 59.

அமெரிக்காவை அந்த நோய் ஆட்டிப் படைத்த காலம் அது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே 1921-ல் அதனால் கால் முடங்கியவர். ஆனாலும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் கென்னியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஏமாற்றத்தோடு ஊர் திரும்பும் நிலை.

கடைசி முயற்சியாக மின்னசோட்டா மாகாணத்துக்குப் போனார். மினியாபோலிஸ் நகரில் கோல், நாப், போல் என்ற மூன்று டாக்டர்கள் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் செய்து காட்டச் சொன்னார்கள். கண்ணால் பார்த்த பிறகு அவர் பக்கம் சேர்ந்தார்கள்.

1941-ல் இளம்பிள்ளை வாத ஒழிப்பு நிதி நிறுவனம் அவருடைய முறையை ஆதரித்தது. 1942 டிசம்பரில் மினியாபோலிஸில் கென்னி இன்ஸ்டிடியூட் திறக்கப்பட்டது. நாடெங்கும் இருந்து நர்சுகள் அங்கே பயிற்சிக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிகளில் மாவுக் கட்டுகள் மறைந்தன. கம்பளி வேகும் பாத்திரங்கள் வந்தன.

பெரிய தொப்பியும் வெண்ணிறக் கூந்தலுமாக அவர் போகும் இடம் எல்லாம் கூட்டம் கூடியது. 1946-ல் அவருடைய வாழ்க்கை சினிமாவாக வந்தது. பிரபல நட்சத்திரம் ரோசலிண்ட் ரஸ்ஸல் கென்னியாக நடித்தார். 1950-ல் அமெரிக்கப் பாராளுமன்றம், கென்னி எந்தத் தடையும் இல்லாமல் அந்த நாட்டுக்கு வந்து போகலாம் என்று சட்டம் செய்தது.

அவரிடம் இருந்த குறை

கென்னி குறை இல்லாதவர் அல்ல. கோபக்காரர். தன்னை மறுத்துப் பேசியவர்களை எதிரியாக நினைத்தார். தன் சிகிச்சையால் குணமானவர்களின் கணக்கை அதிகமாகச் சொன்னார் என்ற குற்றச்சாட்டும் உண்டு.

1944-ல் அமெரிக்க டாக்டர்கள் குழு ஒன்று அவரைக் கடுமையாகக் கண்டித்தது. அதில் நியாயமும் இருந்தது. இந்த நோய் கண்டவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தேறுவது உண்டு. அப்படித் தேறியவர்களையும் ஒத்தடத்தின் கணக்கில் சேர்க்கலாமா என்பது டாக்டர்களின் கேள்வி.

நோய் தாக்குவது தசையைத்தான் என்று கென்னி கடைசி வரை சாதித்தார். அது தவறு. அடிபடுவது நரம்பு அணு. செத்துப்போன நரம்பு அணுவை எந்த ஒத்தடமும் உயிர்ப்பிக்காது. முழுவதும் முடங்கிய காலைக் கென்னியாலும் நடக்க வைக்க முடியவில்லை.

ஆனால் அவர் செய்தது வேறு. குழந்தையின் வலியைத் தீர்த்தார். கட்டை அவிழ்த்தார். மிச்சம் இருந்த வலிமையைப் பாழாகாமல் காப்பாற்றினார். காரணம் சொன்னதில் தவறியவர், காரியத்தில் வழி காட்டினார். முடங்கியவரைப் படுக்க வைக்காமல் பயிற்சி கொடுத்துத் தேற்றும் இன்றைய உடல் இயக்க மருத்துவம் அவரிடம் கற்றுக்கொண்டது ஏராளம்.

கடைசி நாட்கள்

ஆயிரம் குழந்தைகளின் கைகளை அசைக்க வைத்தவருக்கு, கடைசிக் காலத்தில் சொந்தக் கை நடுங்கியது. நடுக்கு வாதம் வந்தது. 1951-ல் சொந்த நாடு திரும்பி, துவூம்பாவில் ஓய்வெடுத்தார். 1952-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி கண்ணை மூடினார். நோபியில் தாயாரின் சமாதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அதே 1952-ல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 58,000 பேரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. மூன்றே ஆண்டுகளில், 1955-ல், டாக்டர் சால்க் கண்டுபிடித்த தடுப்பு ஊசி வந்தது. பின்னர் டாக்டர் சாபினின் சொட்டு மருந்து வந்தது. இந்தியாவில் 2011-க்குப் பிறகு இந்தக் கிருமி இயற்கையாகப் பரவி யாரையும் முடக்கவில்லை. 2014-ல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று அளித்தது.

நோய் வராமல் தடுத்தவர் கென்னி அல்ல. தடுக்க வழி இல்லாத காலத்தில், தொட்டால் அழும் குழந்தையை விட்டு விலகிப் போகாமல், பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். கையில் இருந்தது ஒரு கிழிந்த கம்பளியும் கொஞ்சம் வெந்நீரும்தான். அதைக்கொண்டே தொடங்கினார்.