தோல்வி காணாத சின்ன மோ

மொரீன் கானலி என்றதும் டென்னிஸ் வரலாறு அறிந்தோர் 1953ஆம் ஆண்டையே நினைப்பர். ஆஸ்திரேலியா, பிரான்ஸ், விம்பிள்டன், அமெரிக்கா ஆகிய நான்கு பெரும் போட்டிகளிலும் ஒரே ஆண்டில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பெண்மணி அவரே. ஆனால் அந்த வெற்றியின் ஒளியில் அதனினும் அரிய சாதனை ஒன்று மறைந்து கிடக்கிறது. அதனை நாம் இங்குக் காண்போம்.

மொரீன் 1934 செப்டம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே தந்தையைப் பிரிந்து அன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார். குதிரையேற்றம் பழக வேண்டும் என்பதே சிறுமியின் ஆசை. அதற்குக் குடும்பத்தில் வசதியில்லை. எனவே டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தார். இடக்கைப் பழக்கமுடைய அவர், பயிற்சியாளரின் சொற்கேட்டு வலக்கையால் ஆடப் பழகினார். உருவம் சிறிது, அடியோ பலமானது. பெரிய மோ என்று மக்கள் அழைத்த மிசௌரி போர்க்கப்பலை நினைவுகூர்ந்து, செய்தியாளர் ஒருவர் அவருக்குச் சின்ன மோ என்று பெயர் சூட்டினார்.

1951 செப்டம்பரில், 17 வயது நிரம்புமுன்னரே அமெரிக்கப் பட்டத்தை வென்றார். 1952இல் விம்பிள்டன் வந்தபோது தோளில் கடும் வலி. விலகிவிடுமாறு பயிற்சியாளர் கூறியும் ஆடி வென்றார். அவ்வாண்டே அமெரிக்கப் பட்டத்தையும் மீண்டும் பெற்றார். 1953இல் நான்கு பட்டங்கள். அந்நான்கு போட்டிகளிலும் சேர்த்து அவர் இழந்தது ஒரே ஒரு செட். விம்பிள்டன் இறுதியாட்டத்தில் டோரிஸ் ஹார்ட் கடுமையாகப் போராடியும் 8-6, 7-5 என மொரீனே வென்றார்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று அவர் ஓய்ந்திருக்கலாம். அவரை வீழ்த்தும் வழியை எதிராளிகள் அனைவரும் தேடிய காலம் அது. ஆயினும் 1954இல் பிரான்சின் செம்மண் தரையிலும் விம்பிள்டனின் புல்தரையிலும் மீண்டும் அவரே வென்றார். கணக்கிட்டுப் பாருங்கள். 1951 அமெரிக்கப் போட்டி முதல் அவர் ஒற்றையர் பிரிவில் கலந்துகொண்ட பெரும் போட்டிகள் 9. வென்ற பட்டங்களும் 9. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அப்போட்டிகளில் அவரை வென்றவர் எவருமில்லை. ஒரே ஆண்டில் நான்கு பட்டங்களையும் வெல்லும் பெருமையைப் பின்னாளில் மார்கரெட் கோர்ட் 1970இலும், ஸ்டெஃபி கிராஃப் 1988இலும் அடைந்தனர். மொரீனின் இந்தத் தொடர் வெற்றியைப் பேசுவோரோ சிலரே.

அத்தொடரை எந்த எதிராளியும் முறிக்கவில்லை. 1954 ஜூலை 20ஆம் நாள் அவர் குதிரைமேல் சென்றபோது லாரி ஒன்று மோதி வலக்கால் நசுங்கியது. அப்போது அவருக்கு வயது 19. சிறுவயதில் ஆசைப்பட்ட குதிரையேற்றமே அவருடைய ஆட்ட வாழ்வுக்கு முடிவாயிற்று. அவர் மனம் ஒடிந்து ஒதுங்கிவிடவில்லை. 1955இல் திருமணம் செய்து இரு பெண்மக்களுக்குத் தாயானார். இளையோருக்கு ஆட்டம் கற்பித்தார். புற்றுநோயோடு போராடிய நாளிலும், 1968இல், இளம் ஆட்டக்காரர்களை ஊக்குவிக்க ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1969 ஜூன் 21ஆம் நாள், 34ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு பரிசு பெற்றதும் ஓய்ந்துவிடுவது நம்மில் பலருக்கு இயல்பு. பட்டங்கள் பெற்ற பின்னும் ஓய்ந்துவிடாத இந்தப் பெண்ணை, தோழியரே, நாமும் மனத்தில் இருத்துவோம்.