கோப்பியின் நோய் நாடிய அறிஞர்

பதுளையைச் சூழ்ந்த மலைகளெங்கும் இன்று தேயிலை பசுமை பரப்பி நிற்கின்றது. ஆயின், நம் முன்னோர் கடல் கடந்து இம்மலைநாட்டுக்கு முதன்முதல் வந்தது கோப்பிப் பழம் பறித்தற்பொருட்டே என்பதைப் பலர் மறந்தனர். அக்கோப்பி அழிந்த வரலாற்றோடு பிணைந்தது ஹரி மார்சல் வார்ட் என்னும் தாவரவியலறிஞரின் வாழ்க்கை. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வார்ட் 1854 ஆம் ஆண்டு இங்கிலாந்திலே ஹெரிபோட் நகரிற் பிறந்தார். எளிய குடும்பத்தினராயினும், கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிற் பயின்று, 1879 இல் முதல் வகுப்பிலே தேறினார். மறு ஆண்டே இலங்கை அரசாங்கம் அவரைக் கோப்பி நோயை ஆராய அழைத்தது. அப்பொழுது அவருக்கு வயது 26.

அந்நோய் 1869 இல் முதன்முதல் கண்டறியப்பட்டது நம் மடுல்சீமையிலே என்பதை மாணவர் கருத்திற் கொள்க. இலையின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடியாகத் தோன்றி, இலைகளை உதிர்த்து, மரத்தை வலுவிழக்கச் செய்வது அது. அதற்குக் காரணமான பங்கசுக்கு 'எமிலியா வசுற்றாத்திரிட்சு' என்று பெயர். பாதி வழுவழுப்பானது, பாழாக்குவது என்பன அப்பெயரின் பொருள்கள். அதன் வித்தியின் ஒரு புறம் சொரசொரப்பாயும் மறுபுறம் வழுவழுப்பாயும் இருத்தலை உருப்பெருக்கியில் இன்றுங் காணலாம்.

மண்ணின் குறையென்றும் மழையின் பிழையென்றும் பலர் பலவாறு கூறிய காலத்தில், வார்ட் ஊகத்தை விடுத்துச் சோதனையை நாடினார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிலே வைத்து, காற்றில் மிதந்து வரும் வித்திகளைப் பிடித்தார். நீர்த்துளியிலே வித்தி முளைப்பதையும், அம்முளை இலைவாயினூடே உட்புகுவதையும், சில வாரங்களில் அவ்விடத்தே புதிய புள்ளி தோன்றுவதையும் படிப்படியாகக் காட்டினார்.

இங்கே இனப்பெருக்கத்தின் இருவழிகளை நினைவு கூர்தல் தகும். இரு கலங்களின் கருக்கள் ஒன்றுபட்டு, பின் ஒடுக்கற்பிரிவினாற் புதுச் சேர்க்கைகள் தோன்றுவது இலிங்கமுறை. கலங்கள் இழையுருப்பிரிவினாற் பெருகித் தம்மையொத்த வழித்தோன்றல்களைத் தருவது இலிங்கமில்முறை. இலையின் செம்பொடி இரண்டாவது வழியால் விளைவது. ஒரு புள்ளியே இலட்சத்துக்கு மேற்பட்ட வித்திகளைச் சொரிய வல்லது. இப்பங்கசு வேறொருவகை வித்தியையும் அருமையாகத் தோற்றுவித்தலை வார்ட் கண்டார். ஆயின் அதனின்று பிறந்த சிறு வித்திகள் கோப்பியைத் தொற்றவில்லை. கோதுமையின் துருநோய்ப் பங்கசு வேறொரு செடியிலும் வாழ்வதை டீ பாரி என்னும் ஜேர்மன் அறிஞர் 1865 இற் காட்டியிருந்தார். அத்தகைய மறுசெடியை வார்டும் தேடினார். அது இன்றுவரை அகப்படவில்லை. 2011 இல் பிரேசில் நாட்டை நிலைக்களனாகக் கொண்ட ஆய்வாளர், செம்பொடி வித்தியினுள்ளேயே இலிங்கமுறை மறைவாக நிகழ்வதற்குச் சான்று கண்டதாக அறிவித்தனர்.

நோயின் வழியை அறிந்தாரேயன்றி, வார்ட் அதனைத் தீர்க்கும் மருந்தைக் கண்டாரல்லர். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய்க்குத் திறந்த வாயிலாயிற்று என அவர் உணர்த்தினார். 1882 இல் அவர் தாயகம் மீண்டார். 1884 இல் ஓரியன்ரல் வங்கி வீழ்ந்தது. தோட்டங்கள் கைமாறின, தொழிலாளர் பலருக்குக் கூலி நிலுவையாயிற்று. இழந்தவர் ஏட்டில் துரைமாரின் பெயர்கள் உள. நம் மக்களின் பெயர்கள் இல.

மருந்து காணாமையால் அவர் பணி வீணாயிற்றோ எனின், இல்லை. தாவர நோயியல் ஓர் அறிவுத்துறையாக வளர அது அடிகோலிற்று. அவர் 1888 இல் றோயல் சங்கத்தின் அங்கத்தவராயினார். 1895 இல் கேம்பிரிட்ஜிலே பேராசிரியராகித் துருநோய் ஆராய்ச்சியை இறுதிவரை விடாது நடத்தினார். 1906 இல், 52 வயதில், உலகை நீத்தார். இமயத்தின் கிழக்கே செடி தேடி அலைந்து புகழ்பெற்ற கிங்டன் வார்ட் இவருடைய மைந்தரே.

இன்று நம் தோட்டங்களில் நடப்படும் வீ.பி. கன்றுகள் தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து இலிங்கமில்முறையாற் பெறப்படுவன. நல்விளைச்சலைத் தரும் செடியின் இயல்பை வழுவாது பெறுதல் அதன் நன்மை. ஒன்றைத் தாக்கும் நோய் அதனையொத்த அனைத்தையுந் தாக்கக்கூடும் என்பது அதன் அச்சம். தேயிலையிலும் இலைக் கொப்புள நோய் 1946 இல் இலங்கையிற் புகுந்ததன்றோ! ஆதலின், பழைய வித்துத் தேயிலை நிற்கும் மலைச்சாரலை வெறும் பழமையென்று எண்ணாது, பல்வகை இயல்புகளின் களஞ்சியமென்று போற்றுதல் வேண்டும். மடுல்சீமையின் ஓர் இலையிலே தொடங்கிய பாடத்தை அம்மண்ணின் மைந்தராகிய நம் மாணவர் தொடர்ந்து கற்பாராக.