யான் பீட்டர்சூன் கோன்

யான் பீட்டர்சூன் கோன் (1587 – 1629) டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமை ஆளுநராக இருமுறை (1619–1623, 1627–1629) பணியாற்றியவர். பத்தாவியா நகரை நிறுவியவர். சாதிக்காய் வணிகத்தைக் கம்பனியின் தனியுரிமையாக்கும் பொருட்டுப் பண்டா தீவுகளின் மக்களை அழித்தவர் என்றும் அறியப்படுகிறார்.

இளமைக் காலம்

கோன் நெதர்லாந்தின் ஊர்ன் நகரில் பிறந்தார். உரோம் நகர வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கியல் பயின்றார். 1607 இல் கம்பனியின் கப்பலில் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். அப்பயணத்தின் கப்பற்படைத் தலைவர் 1609 இல் பண்டாவில் உள்ளூர் மக்களால் கொல்லப்பட்டார்.

வணிகக் கொள்கை

ஐரோப்பாவிலிருந்து வெள்ளி அனுப்புவதைக் குறைத்து, ஆசியத் துறைமுகங்களுக்கு இடையிலான வணிகத்தின் இலாபத்தைக் கொண்டே வாசனைப் பொருட்களை வாங்கவேண்டும் என்பது கோனின் திட்டம். பழவேற்காடு முதலிய சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் வாங்கப்பட்ட துணிகள் இத்தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் மாற்றாகக் கொடுக்கப்பட்டன. 1619 இல் சாவகத்தின் ஜயகார்த்தாவைக் கைப்பற்றி எரித்த கோன், அவ்விடத்தில் பத்தாவியாவை அமைத்தார். இதுவே இன்றைய ஜகார்த்தா ஆகும்.

பண்டா படையெடுப்பு

அக்காலத்தில் உலகின் சாதிக்காயும் சாதிபத்திரியும் பண்டா தீவுகளிலிருந்தே கிடைத்தன. கம்பனிக்கு மட்டுமே விற்பதாக ஒப்பந்தங்கள் இருந்தபோதிலும், தமக்குத் தேவையான அரிசியைப் பெறத் தீவினர் சாவக, மலாய், ஆங்கில வணிகர்களுக்கும் விற்றுவந்தனர். இதனை முடிவுக்குக் கொண்டுவர 1621 இல் கோன் பெரும்படையுடன் சென்றார். தலைவர்கள் 44 பேர் சப்பானியக் கூலிப்படையினரால் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 15,000 ஆக இருந்த மக்கள்தொகை சுமார் 1,000 ஆகக் குறைந்தது. ஏனையோர் போரிலும் பட்டினியாலும் இறந்தனர், சிலர் தப்பியோடினர், நூற்றுக்கணக்கானோர் பத்தாவியாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நிலம் தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அடிமைகளைக் கொண்டு பயிரிடப்பட்டது. கம்பனி இயக்குநர்கள் இக்கடுமையைக் குறைகூறினாலும் தனியுரிமையைக் கைவிடவில்லை.

இறப்பும் மதிப்பீடும்

மத்தாராம் அரசர் சுல்தான் அகூங்கின் படைகள் 1628, 1629 ஆம் ஆண்டுகளில் பத்தாவியாவை முற்றுகையிட்டன. இரண்டாம் முற்றுகையின்போது கோன் நோயுற்று இறந்தார்.

ஊர்ன் நகரில் 1893 இல் இவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. தேசிய வீரராகப் போற்றப்பட்ட இவரது சிலையை நீக்கக் கோரிக்கை எழுந்ததைத் தொடர்ந்து, 2012 இல் அதன் விளக்கப் பலகை மாற்றப்பட்டு, இவர்மீதான விமர்சனமும் சேர்க்கப்பட்டது.