ஆலயம் இழந்த மக்களின் ஆயர்: புனித யோசப் வாஸ்

நூற்றாண்டு காணும் நமது சங்கத்தின் மலருக்கு எதை எழுதலாம் என்று கூடிப் பேசியபோது, பங்குகளின் யூபிலிக் கொண்டாட்டங்களைப் பற்றிய பேச்சும் எழுந்தது. பங்கொன்று ஐம்பதாவது, நூறாவது ஆண்டைக் காணும்போது கோவிலுக்கு வர்ணம் பூசுகிறார்கள், கொடியேற்றுகிறார்கள், மலர் வெளியிடுகிறார்கள். அதற்கு முன்னர் மூன்று நாள் தியானம், பாவசங்கீர்த்தனம், வீடு சந்திப்பு என்று ஆன்மீகப் புதுப்பித்தலுக்கும் இடம் வைக்கிறார்கள். சுவர்களைப் புதுப்பிப்பது இலகு. அதை நாம் எல்லோரும் செய்திருக்கிறோம். மனிதரைப் புதுப்பிப்பது எப்படி? இதற்கு நம் நாட்டின் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. கோவிலும் குருவும் இல்லாதிருந்த ஒரு திருச்சபையைத் தனியொருவராக வந்து மீண்டும் எழுப்பியவரின் வாழ்க்கையே அந்த விடை. இலங்கையின் அப்போஸ்தலர் என்று நாம் வணங்கும் புனித யோசப் வாஸ் அடிகளாரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

அவர் வந்த காலத்தின் நிலையை முதலில் நினைவுகொள்ள வேண்டும். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்த சபைக்கு உரியனவாயின. குரு ஒருவருக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே கட்டளை பிறந்தது. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் திருமணத்தைப் பதிவதும் அவர்களுடைய கோவிலிலேயே நடக்கவேண்டியிருந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. திருப்பலியைக் கண்ணாலும் காணாத ஒரு தலைமுறை வளர்ந்து, அதற்கும் பிள்ளைகள் பிறந்துவிட்டன. எஞ்சியிருந்தது வீட்டுக்குள்ளே மெல்லிய குரலில் சொல்லப்பட்ட செபமும், ஒளித்து வைக்கப்பட்ட செபமாலையும்தான்.

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரில், தாயாரின் பிறந்தகத்தில் பிறந்தார். தந்தையாரின் ஊர் சான்கோலே. கொங்கணி பேசும் பக்தியுள்ள கத்தோலிக்கக் குடும்பம். பிள்ளைகள் அறுவரில் இவர் மூன்றாமவர். போர்த்துக்கேய மொழியையும் இலத்தீனையும் கற்று, கோவா நகரில் மேற்படிப்பை முடித்து, 1676இல் குருவானார். அடுத்த ஆண்டு தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். நல்ல பிரசங்கி என்றும் ஆன்ம வழிகாட்டி என்றும் கோவாவில் அவருக்குப் பெயர் வந்தது. அங்கேயே மதிப்போடு வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் இலங்கையில் கத்தோலிக்கர் மேய்ப்பரின்றித் தவிக்கிறார்கள் என்ற செய்தி அவரை இருக்கவிடவில்லை. அங்கே போக அனுமதி கேட்டார். மேலிடமோ 1681இல் அவரைக் கன்னடக் கரையோரத்துக்கு அனுப்பியது. கீழ்ப்படிந்து மூன்று வருடங்கள் அங்கே உழைத்தார். கோவாவுக்குத் திரும்பியதும், ஒன்றுகூடி வாழத் தொடங்கியிருந்த சில குருக்களுடன் 1685இல் சேர்ந்தார். அவர்கள் அவரையே தலைவராக்கினார்கள். அதுவே கோவாவின் ஒறற்றோரியன் சபையாக வளர்ந்தது. சபை நிலைபெற்றதும் தலைமைப் பதவியை விட்டுவிட்டு, 1686இல் யுவான் என்ற பணியாளோடு இலங்கையை நோக்கிப் புறப்பட்டார்.

குரு என்று தெரிந்தால் கரையில் இறங்கவே முடியாது. எனவே அங்கியைக் களைந்து கூலிக்காரனைப்போல உடுத்திக்கொண்டார். பூசைக்கான பொருட்களை மறைத்துக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கடற்பயணத்தின் பட்டினியும் களைப்பும் சேர்ந்து கடுமையான வயிற்றோட்ட நோயில் அவரை வீழ்த்தின. தொற்றுநோய் என்று பயந்தவர்கள் அவரை ஒதுக்கினார்கள். ஊரின் ஓரத்தில், பற்றையோடு பற்றையாகக் கிடந்த அவருக்கும் பணியாளுக்கும் ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அவளுடைய பெயர் ஏட்டில் இல்லை. தான் காப்பாற்றியது யாரை என்பதும் அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவள் கண்டது ஒரு பிச்சைக்காரனைத்தான். இலங்கைத் திருச்சபையின் மறுமலர்ச்சிக்கு முதல் கைகொடுத்தவள் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் என்பதைப் பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகளாகிய நாம் பெருமையோடும் பணிவோடும் நினைவுகூருகிறோம்.

எழுந்து நடக்க முடிந்ததும் அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அவருக்கு வேண்டியிருந்தது அரிசியன்று. அந்த மாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்பதையே கவனித்தார். ஆபத்தான சோதனைதான், காட்டிக்கொடுக்க ஒருவர் போதும். ஆனால் ஒரு வீட்டில் நம்பிக்கையின் அடையாளத்தைக் கண்டு, நாளடைவில் தாம் குரு என்பதை வெளிப்படுத்தினார். அங்கிருந்து, விசுவாசத்தில் உறுதியாக நின்ற சில்லாலைக் கிராமத்துக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வருவார். பாவசங்கீர்த்தனம் கேட்பார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், பொழுது விடியுமுன் பூசை முடித்து அடுத்த ஊருக்குப் போய்விடுவார். தமிழையும் கற்றுக்கொண்டார். முப்பது வருடங்களாக அணையாமல் கிடந்த தணல் மறுபடி பற்றத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. அதைத் தவிர்த்து எழுதினால் உண்மையாகாது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் பூசைக்காகக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் வளைத்துக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள், ஆண்கள் தண்டம் கட்டினார்கள். தலைவர்கள் என்று கருதப்பட்ட எண்மருக்குத்தான் மிகக் கொடிய தண்டனை. அவர்களுள் ஒருவரான தொன் பேதுரு, ஒல்லாந்த சபையைவிட்டுக் கத்தோலிக்க மறைக்கு வந்தவர். அவர் அடிபட்டே இறந்தார். மற்ற எழுவரும் ஆயுட்காலக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அடிகளார் அகப்படவில்லை. அவரைத் தேடி வீடுவீடாக வலை விரிக்கப்பட்டது; அவர் இருக்குமிடத்தை மக்கள் சொல்லவில்லை.

அவருக்காக விலை கொடுத்தவர்கள் அந்த மக்கள். மேய்ப்பர் தப்பினார், மந்தை அடிபட்டது என்று யாரும் சொல்லலாம். தம்மால் இன்னும் பலர் துன்புறக்கூடும் என்பதை உணர்ந்தவராய் அவர் யாழ்ப்பாணத்தைவிட்டு நீங்கி, கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அந்த நத்தார் இரவின் கடனை அடுத்த இருபத்தொரு வருடங்களும் தம் உடம்பாலேயே அவர் தீர்த்தார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

1692இல் கண்டிக்கு நடந்தார். நகரை அடையுமுன்பே, கல்வின் மதத்தைச் சேர்ந்த லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர் இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அரசனிடம் கோள் சொன்னார். இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைச் சிறையிலடைத்தான். சிறையிலிருந்தபடியே சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் ஒரு சிறு கொட்டில் அமைத்து அதையே கோவிலாக்கிப் பூசை செய்தார். நகரிலிருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக அங்கே வரத் தொடங்கினார்கள்.

அக்காலத்தில் கண்டியில் மழை பொய்த்து வறட்சி வந்தது. அரசன் கேட்டுக்கொண்டபடி அடிகளார் திறந்த வெளியில் பீடமும் சிலுவையும் நிறுவி முழந்தாளிட்டுச் செபித்தார் என்றும், பெருமழை பொழிந்தபோது அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் மரபு சொல்லுகிறது. அதன்பின் அரசன் அவருக்குத் தன் நாட்டில் மறைப்பணி செய்யச் சுதந்திரம் கொடுத்தான். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசன் அடைக்கலம் கொடுத்தான் என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, ஒல்லாந்தரின் ஆளுகைக்குட்பட்ட கொழும்பு, நீர்கொழும்புப் பகுதிகளுக்கும் அவர் மாறுவேடத்தில் போய்வந்தார். எல்லாம் கால்நடையாக, பெரும்பாலும் வெறுங்காலோடு.

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அரசன் நகரைவிட்டு அகன்றான். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யோசப் வாஸ் அடிகளாரும், அவருக்கு மருமகன் முறையான கர்வாலோ அடிகளாரும் நகரில் தங்கினார்கள். வெறுமையாகக் கிடந்த வீடுகளை வைத்தியசாலைகளாக்கி, கைவிடப்பட்டவர்களைத் தூக்கிவந்து புண் கழுவி, கஞ்சி காய்ச்சி ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். சமயம் கேட்டுப் பணிவிடை செய்யவில்லை. பத்து வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் நோயால் ஒதுக்கப்பட்டுக் கஞ்சி வாங்கிக் குடித்தவர், கண்டியில் ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கஞ்சி ஊட்டினார். அவரைச் சந்தேகித்தவர்களின் மனத்தையும் மாற்றியது இந்தப் பணியே.

கோவாவிலிருந்து 1696 தொடங்கி உதவிக் குருக்கள் வரத் தொடங்கினார்கள். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். சிங்களத்திலும் தமிழிலும் கிறிஸ்தவ இலக்கியத்தை வளர்த்த பெருந்தகை அவர். ஆயினும் ஒரு கைப்பிடி குருக்கள் முழுத் தீவுக்கும் எப்படிப் போதும்? இதற்கு அடிகளார் கண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு ஊரிலும் மூப்பர், அண்ணாவியார் என்று பொறுப்பாளரை நியமித்தார். குரு இல்லாத நாட்களில் மக்களைச் செபத்துக்குக் கூட்டுவதும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பதும், ஆபத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்களுடைய கடமை. குரு வருடத்தில் ஒருமுறை வந்தாலும் பங்கு உயிரோடிருந்தது. ஆயர் பதவி தேடிவந்தபோது அதை மறுத்து, கால்நடைக் குருவாகவே இருந்துவிட்டார்.

1710இல் உடல் தளர்ந்தது. 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில், தமது அறுபதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் கண்மூடியபோது நாட்டில் சுமார் 70,000 கத்தோலிக்கர் இருந்தனர் என்பர். அவரைக் கண்டியிலேயே அடக்கம் செய்தார்கள். ஆனால் அந்தக் கல்லறை இருந்த இடம் காலப்போக்கில் மறைந்துபோயிற்று. 1995 ஜனவரி 21இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பு காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அன்று பிற்பகலே மடுத் திருத்தலத்துக்கும் வந்து, போரில் உறவுகளை இழந்த மக்களோடு செபித்தார்.

இந்த வரலாற்றை நாம் ஏன் இப்போது எழுதுகிறோம்? நம்மில் பலர் கோவிலையும் பாடசாலையையும் ஊரையும் விட்டு ஓடியவர்கள். மரத்தின்கீழ் பூசை கண்டவர்கள் நம்மில் உண்டு. இன்று லண்டனிலும் ரொறொன்ரோவிலும் சிட்னியிலும் வேறொருவருடைய கோவிலில் மாதத்துக்கு ஒருமுறை தமிழ்ப் பூசைக்காகக் கூடுகிறவர்களும் உண்டு. கட்டடம் போனால் எல்லாம் போய்விட்டது என்று நாம் நினைத்த நாட்கள் இருந்தன. யோசப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது நம்முடைய மூதாதையரிடமும் கட்டடம் எதுவும் இருக்கவில்லை. செபம் சொல்லிக்கொடுத்த தாய்மாரும், காட்டிக்கொடுக்காத அயலவரும், பசித்தவனுக்குக் கஞ்சி கொடுத்த ஒருத்தியும்தான் இருந்தார்கள். அவர் அவர்களிலிருந்தே தொடங்கினார்.

பங்கின் யூபிலியானாலும் சங்கத்தின் நூற்றாண்டானாலும் கணக்குப் பார்க்கவேண்டியது இதைத்தான். எத்தனை மண்டபம் கட்டினோம் என்பதை மலரின் வேறு பக்கங்கள் சொல்லும். நம் வாசலில் வந்து நின்ற எத்தனை பேருக்குக் கஞ்சி வார்த்தோம், குரு இல்லாத வீட்டில் யார் செபமாலையை எடுத்தோம் என்பதை நாமே நம்மிடம் கேட்டுக்கொள்வோம். ஒவ்வொரு ஜனவரி 16ஆம் நாளும், எந்த நாட்டில் இருந்தாலும், அந்தப் புனிதரையும் பெயர் தெரியாத அந்தப் பெண்ணையும் சேர்த்து நினைத்து, நமது பாடசாலைக்காக ஒரு செபம் சொல்வோம் என்று உங்கள் எல்லோரையும் அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.