ஐஸ்கிரீம் விற்ற பணத்தில் பல் வைத்தியக் கல்லூரி!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலுக்குப் போகிறவர்கள் பால்கோவா வாங்காமல் திரும்புவது இல்லை. ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறும் முன்பே பாதிப் பொட்டலம் காலியாகிவிடும்.

ஒரு வாய் போட்டதும் சிலருக்குச் சுரீர் என்று பல் வலிக்கும். டாக்டரிடம் காட்டி ஏற்கனவே அடைத்த பல்தான் அது!

அடைத்த பல்லில் மறுபடியும் சொத்தை எப்படி வந்தது?

அதைச் சொல்லும் முன், இந்தியாவில் பல் வைத்தியப் படிப்புக்கு வித்திட்ட ஒருவரின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் பெயர் டாக்டர் ரபியுதீன் அகமது.

கடல் கடந்த படிப்பு

அகமது 1890-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். இன்று அது வங்காள தேசம். அலிகாரில் படித்தார். 1909-ல் கப்பல் ஏறி அமெரிக்கா போனார்.

அங்கே அயோவா பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் படித்து, 1915-ல் பட்டம் பெற்றார். பிறகு பாஸ்டன் நகரில், குழந்தைகளுக்கென்றே நடந்த பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

அங்கேயே தங்கியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1919-ல் தாய்நாடு திரும்பினார்.

அப்போது நம் நாட்டில் பல் வைத்தியம் கற்பிக்க ஒரு கல்லூரி கூட இல்லை. பல் வலி வந்தால் ஏழைகள் கிராம்பை வைத்து அழுத்திக் கொள்வார்கள். தாங்க முடியாவிட்டால் பிடுங்கி எறிவார்கள். பல் போனால் சொல் போச்சு!

இனிப்புக் கடை

கல்லூரி தொடங்க ஆசை இருந்தது. பணம்?

கல்கத்தாவில் "நியூயார்க் சோடா பவுண்டன்" என்று ஒரு ஐஸ்கிரீம் கடை திறந்தார் அகமது. கடையில் வந்த பணத்தைக் கல்லூரியில் போட்டார். பல்லைக் கெடுப்பது இனிப்பு. அந்த இனிப்பே பல்லைக் காக்கப் பணம் கொடுத்தது!

1920-ல் கல்லூரி பிறந்தது. முதலில் சேர்ந்தவர்கள் 11 பேர்தான். அவர் மனம் தளரவில்லை. ஜின்னாவின் தங்கை பாத்திமாவும் இங்கே படித்தவர்தான். அவர் 1923-ல் பம்பாயில் பல் ஆஸ்பத்திரி வைத்தார்.

சொத்தையைக் குடைந்து பல்லை அடைக்கும் கலையை மாணவர்கள் கற்க, 1928-ல் அகமது ஒரு கைப்புத்தகம் எழுதினார்.

மயிரிழை இடைவெளி

அந்தக் காலத்தில் வெள்ளியும் பாதரசமும் கலந்த கலவையால் பல்லை அடைத்தார்கள். அது பல்லில் ஒட்டாது. ஆகவே குழியின் வாயைக் குறுகலாகவும், உள்ளே அகலமாகவும் குடைவார்கள். இதனால் நல்ல பல்லும் கொஞ்சம் வீணாகும்.

அடைப்புக்கும் பல்லுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும். அங்கே கிருமிகள் புகும். நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அவை அமிலத்தைக் கக்கும். அமிலம் பல்லின் ஓரத்தை அரிக்கும். அடைத்த பல்லில் மறுபடியும் சொத்தை வருவது இப்படித்தான்.

1955-ல் அமெரிக்க டாக்டர் மைக்கேல் போனகோர் ஒரு வழி கண்டார். வழவழப்பான சுவரில் சாந்து ஒட்டாது. ஆகவே கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுவார் அல்லவா? அதுபோல, பல்லில் அமிலத்தை இலேசாகத் தடவிக் கழுவினால் பல் சொரசொரப்பாகும். பிறகு பூசும் பசை கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும்.

பசை பிடிக்கும்போது எச்சில் படக் கூடாது. அதற்காகவே டாக்டர் வாயில் பஞ்சை வைக்கிறார். ராஜபாளையத்துக்காரர்களுக்குப் பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் துணிதானே ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டுகிறது!

சர்க்காருக்குக் கொடுத்தார்

பல் வைத்தியத்துக்குச் சட்டம் வேண்டும் என்று அகமது பாடுபட்டார். 1939-ல் வங்காளத்திலும், 1948-ல் இந்தியா முழுமைக்கும் சட்டம் வந்தது.

1949-ல், தான் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்காள சர்க்காரிடம் ஒப்படைத்தார். 1950-ல் டாக்டர் பி.சி.ராய் மந்திரி சபையில் மந்திரி ஆனார். சென்னையில் 1953-ல் பல் வைத்தியப் படிப்பு தொடங்கியது.

1964-ல் அகமதுவுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. மறு ஆண்டு அவர் காலமானார். அந்தக் கல்லூரிக்கு இன்று அவர் பெயர்தான்.

நாம் செய்ய வேண்டியது

எவ்வளவு நல்ல பசையும் நாளடைவில் ஓரத்தில் விட்டுப்போகலாம். ஆகவே அடைத்தாயிற்று என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

பால்கோவா சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் வாய் கொப்பளியுங்கள். இரவு படுக்கும் முன்பும் புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குங்கள். குழந்தைகளுக்கும் பழக்குங்கள். அடைத்த பல்லை, வலி வரும்வரை காத்திராமல் அவ்வப்போது டாக்டரிடம் காட்டுங்கள்.

இனிப்பு விற்றுப் பல்லைக் காத்த அந்த மனிதருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதான்.